நாற்பத்தைந்தில் ஓடிய கோடைப் பாட்டு

மே மாதம், ஞாயிறு இரவு. உத்திரமேரூர்.

இசை கேட்போர் மன்றத்தின் செயலாளர் வேதாசலமாகிய நான், இன்று ஒருவருக்கு இழைத்த அநீதியை மறைக்காமல் எழுதிவைக்கவே பேனாவை எடுத்தேன்.

மன்றத்தில் சேர விரும்புகிறவர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவர வேண்டும். அதைக் கேட்டு உறுப்பினர்கள் கருத்துச் சொன்ன பிறகே சேர்ப்போம். நெல் மண்டியில் எடை போடும் தேவராஜ் இன்று கொண்டுவந்தது, கோடைப் பாட்டுகளுக்குப் பேர்போன வெளிநாட்டுக் குழுவொன்றின் சிறந்த பாடல்களின் தொகுப்பு. கப்பலில் வேலை செய்யும் மச்சான் அனுப்பியதாம். வீட்டில் இசைப்பெட்டி இல்லாததால் அவரும் இன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

"இன்னா தேவராஜு, பொறியில மாட்டின எலியாட்டம் கத்திக்கினு கீறானுங்க?" என்றார் தையற்கடைப் பழனி.

"கோடைப் பாட்டாச்சே, கால் சுட்டு ஓடறானுங்க," என்றார் இன்னொருவர். நானும் சிரித்தேன். சேர்க்க வேண்டாமென முடிவாயிற்று.

"தட்டு இங்கியே கெடக்கட்டும் சார். எனக்கு இன்னாத்துக்கு?" என்று தேவராஜ் தலைகுனிந்து போனார்.

பெட்டியை மூடும்போதுதான் பார்த்தேன். சின்னத் தட்டுக்குரிய, நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று வேகத்திலேயே விசை நின்றிருந்தது. காலையில் அப்படி வைத்தவன் நான். தேவராஜ் கொண்டுவந்தது பெரிய தட்டு; அதற்குரிய முப்பத்து மூன்றுக்கு மாற்றித் தனியாகக் கேட்டேன். பல குரல்கள் ஒன்றாய்ச் சேர்ந்து, அவசரமே இல்லாமல், அவ்வளவு இனிமையாகப் பாடின. செயலாளரைத் தவிர எவரும் பெட்டியைத் தொடலாகாதென்று விதி செய்தவனும் நானே.

நாளை காலை பழனியையும் அழைத்துக்கொண்டு மண்டிக்குப் போவேன். எடை தொடங்குமுன் எல்லார் எதிரிலும் உண்மையைச் சொல்வேன். தேவராஜ் வர இசைந்தால், அடுத்த ஞாயிறு முள்ளை அவர் கையாலேயே தட்டின்மேல் வைக்கச் செய்வேன்.