ஆறு மணிப் பட்டியல்

அண்ணா,

நீங்கள் வைத்திருந்த கம்பெனி செல்போன் இப்போது என் மேசை மேல் இருக்கிறது. உறைக்குள் இன்னும் புளி வாசம். நேற்று உங்கள் வீட்டுக்காரம்மா புதூர்நாட்டிலிருந்து ஜீப் பிடித்து இறங்கி வந்து ஒப்படைத்துவிட்டுப் போனார். சார்ஜர் ஒயரைக்கூட ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார்.

மலையில் சாமையும் புளியும் கொள்முதல் செய்கிறவர் நீங்கள். கீழே ஆபீசில் உட்கார்ந்து ரிப்போர்ட் அனுப்புகிறவள் நான். எந்த ஊரில் எத்தனை மூட்டை தயார் என்ற பட்டியல் தினமும் காலை ஆறு மணிக்கு உங்கள் மெயிலுக்குத் தானாகவே வந்துவிடும். எத்தனை மணிக்கு, யாருக்கு என்று மென்பொருளில் நான் ஒருமுறை குறித்துவைத்தால் போதும். உங்கள் ஊரில் டவர் எடுக்காது. ஏழு மணிக்கு ஜீப் டவர் எடுக்கும் மேட்டு வளைவுக்கு வந்ததும் போனைத் திறந்து பார்த்து, எந்தப் பக்கம் திருப்புவது என்று டிரைவரிடம் சொல்வீர்கள்.

அப்புறம் புது மேனேஜர் வந்தார். விடியற்காலையில் மெயில் சத்தம் அவர் தூக்கத்தைக் கெடுக்கிறதாம். பட்டியலை ஒன்பது மணிக்கு மாற்றச் சொன்னார். அவர் பெயரை மட்டும் பிரித்து ஒன்பதுக்கு வைத்துவிட்டு, உங்களுடையதை ஆறிலேயே விட்டிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. சோம்பேறித்தனம், அண்ணா. வேறு காரணமே இல்லை. மொத்தத்தையும் ஒரே அமுக்கில் மாற்றிவிட்டேன்.

ரம்ஜான் மாதத்தில் ஒரு சாயங்காலம் எனக்கென்று ஒரு பாட்டில் தேன் கொண்டுவந்தீர்கள். நோன்பு திறக்க இன்னும் சற்று நேரம் இருந்தது. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கேலி செய்தீர்கள்.

“ஒரு நிமிஷம் முந்தினாகூட தண்ணி தொடமாட்டீங்க. எங்க லிஸ்ட்டு மட்டும் மூணு மணி நேரம் லேட்டா வர்லாமா, கம்ப்யூட்டரம்மா? பழையபடி ஆறு மணிக்கு வுட முடியாதா?”

“சிஸ்டம்ல அப்படித்தாண்ணா வரும். இன்னா பண்றது?”

நோன்பு வாயால் சொன்ன பொய் அது. நீங்கள் தலையாட்டிவிட்டுப் போனீர்கள். அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. நானும் மறந்தே போனேன். தேனை மட்டும் மறக்காமல் தின்றேன்.

மீதிக் கதை நேற்றுதான் தெரிந்தது. பட்டியல் வந்திருக்காததால் ஏழு மணி ஜீப் உங்களை வளைவில் இறக்கிவிட்டு, ஆட்களை ஏற்றிக்கொண்டு கீழே போய்விடுமாம். அது திரும்பி வரும் ஒன்பது மணிவரை அங்கேயே நிற்பீர்களாம். பனியிலும் மழையிலும், உங்களுக்கு இருந்த மூச்சிரைப்போடு. ஐப்பசி மழையில் நனைந்துதான் சளி நெஞ்சில் இறங்கியது என்றார் உங்கள் வீட்டுக்காரம்மா. அதிலிருந்து நீங்கள் எழுந்திருக்காமலே போய்விட்டீர்கள்.

“நானும் திட்டுவேன், அந்தப் பொண்ணாண்ட சொல்லி நேரத்த மாத்தச் சொல்லேன்னு. ‘பாவம், அது இன்னா பண்ணும், சிஸ்டம்ல அப்படித்தானாம்’னுவாரு. அந்தப் பொண்ணு நீதானம்மா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பற்றி நீங்கள் நல்லபடியாகத்தான் சொல்வீர்கள் என்றார். பாவி நான், டீ வாங்கிக் கொடுத்து ஜீப் ஏற்றி அனுப்பினேன்.

அவர் போனதும் பட்டியலைப் பிரித்து, மலைக்குப் போவதை ஆறு மணிக்கு வைத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உங்கள் வேலைக்கு வந்திருக்கும் பெண் இன்று காலை வளைவிலிருந்து போன் செய்தாள். லிஸ்ட் அதற்குள் வந்துவிட்டதே, சிஸ்டத்தைச் சரி பண்ணிவிட்டீர்களா என்று சந்தோஷமாகக் கேட்டாள்.

“சிஸ்டம் எப்பவும் நல்லாத்தாம்மா இருந்துச்சு. நான்தான் மாத்தாம வுட்டுட்டேன்.”

அவளிடம் சொல்ல முடிந்தது. உங்களிடமும் இதோ சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டுக்காரம்மாவிடம் மட்டும் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. ‘பாவம், அது இன்னா பண்ணும்’ என்ற உங்கள் சொல் அந்த வீட்டில் இன்னும் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, அண்ணா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.