நான்கு விரற்கடை

என் சின்னவளுக்கு,

நேற்று நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ அறையை விட்டு வரவில்லை. பரவாயில்லை. சோற்றைக் கண்டால் பயப்படுகிற பிள்ளைகளுக்குப் படம் வரைவது என்ன வைத்தியம் என்று உங்கள் ஓவிய டீச்சரிடம் கேட்டேன். அவர் சுவரில் ஆளுயரத் தாளை ஒட்டி, "முதல்ல உங்க உருவத்தை வரைங்கம்மா," என்றார்.

எதிரே வருகிறவரின் இடுப்பளவைக் கண்ணாலேயே சொல்லிவிடும் தையல்காரி நான். மளமளவென்று வரைந்தேன். பிறகு என்னை அதன்மேல் சாய்ந்து நிற்கச் சொல்லி, உடம்பைச் சுற்றி வேறு நிறத்தில் கோடு போட்டார். நான் வரைந்த இடுப்பு இரண்டு பக்கமும் நான்கு விரற்கடை அதிகம்.

"உங்க பொண்ணு இதைக் காட்டச் சொன்னா," என்று நீ வரைந்த தாளை அருகில் விரித்தார். அதிலும் இடுப்பு உன் நிஜ உடம்பைச் சுற்றிய கோட்டைவிட அதே நான்கு விரற்கடை அதிகம்.

உன் ஒவ்வொரு சட்டைக்கும் அளவெடுக்கும்போது, "வயித்தை உள்ளே இழுடி," என்பேனே, அதுதான் காதில் கேட்டது. கண்ணாடி முன்னால் எனக்கும் அதையேதான் சொல்லிக்கொள்வேன்.

உன் சட்டைக்கு எடுத்த பச்சைத் துணியை இன்னும் வெட்டவில்லை. டேப் வேண்டாம், நீ சொல்கிற தளர்வுக்குத் தைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருவேன். நீ கதவைத் திறக்காவிட்டாலும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், வயிற்றை உள்ளே இழுக்காமல்.

அம்மா