ஐந்தாம் அத்தியாயத்தில் செத்த சூனியக்காரி

மார்ச் 6

மனைவியின் நாவல் அச்சாகி வந்துவிட்டது. மந்திரம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப்போகும் ஒரு நாடு, அதில் ஏழு சூனியக்காரிகள். எழுதிய வருடங்களில் ஒரு வரியைக்கூட யாருக்கும் காட்டவில்லை. முதல் பிரதியை என் கையில் கொடுத்து, "படிச்சுட்டு உண்மையைச் சொல்லுங்க" என்றாள். தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

மார்ச் 9

மூன்றாம் அத்தியாயம். மந்திரம் குறைகிறதே என்று ஏழு பேரும் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். இரண்டாம் அத்தியாயத்திலும் இதையேதான் பேசினார்கள். தூங்கிவிட்டேன்.

மார்ச் 10

"எப்படி இருக்கு?"

"பிரமாதம்."

என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடிவிடுகிறது.

மார்ச் 15

புத்தகத்தை லேபுக்கு எடுத்துப்போனேன். பல் செட்டுக்கான பிளாஸ்டர் அச்சு இறுகும்வரை சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம்? நாலு பக்கம்தான். கண் செருகி, மேல்வரிசைப் பற்களைக் கீழ்வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறேன். முதலாளி எடுத்துப் பார்த்துவிட்டு, "யாருக்குய்யா இது, முதலைக்கா?" என்றார். அந்த நாட்டில் எல்லா மந்திரமும் குறைகிறது. தூங்கவைக்கும் மந்திரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

மார்ச் 22

இதை எழுதவே கை கூசுகிறது.

நூலகத்தில் அவள் புத்தகத்துக்கு ஒரு கூட்டம். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் எழுந்தார். "மந்திரம் போகுது போகுதுன்னு எல்லாரும் புலம்புறாங்களே, அதைத் தடுக்க யாராவது ஏதாவது செய்றாங்களாம்மா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். இவள் காது சிவந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன். யார் என்னை எழுந்திருக்கச் சொன்னது?

"கடைசியில மூத்த சூனியக்காரி தனியா மலைமேல போய்ச் சண்டை போடுறாளே! நீங்க அதுவரைக்கும் வரலை போல!"

நர்ஸ் பக்கத்தைப் புரட்டினார். "அவங்க அஞ்சாம் அத்தியாயத்துலயே செத்துட்டாங்களே தம்பி."

கூட்டமே சிரித்தது. பக்கத்திலிருந்த மச்சான் குனிந்து தன் செருப்பையே பார்த்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

மார்ச் 23

பேசவில்லை.

மார்ச் 24

பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

"நல்லா இல்லைன்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேன், அவ்வளவுதான். அந்த நர்ஸம்மா யாரோ எவரோ. அவங்க முழுசாப் படிச்சிருக்காங்க."

ராத்திரியே புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

மார்ச் 31

கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டேன். உண்மையாகவே சுமாரான நாவல். கூடத்தை விட்டு அவர்கள் கிளம்புவதற்குள் எனக்கு நரைத்துவிட்டது.

ஆனால் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஓர் இடம். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் நெற்றியில் ஒரு சூனியக்காரி கை வைக்கிறாள். மந்திரம் வரவில்லை. அது அவளுக்குத் தெரியும், குழந்தையின் அம்மாவுக்குத் தெரியாது. கையை எடுக்காமல் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறாள். லேபில் எல்லோருக்கும் முன்னால் மூக்கை உறிஞ்சினேன். பிளாஸ்டர் தூசி என்று சமாளித்தேன்.

இவளா இதை எழுதினாள்? என்னோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டா?

ஏப்ரல் 2

சொல்லிவிட்டேன். "பாதிக்கு மேல புலம்பல்தான். மூத்தவ செத்தப்போ எனக்கு வருத்தமே வரல. அவ யாருன்னே தெரியலையே."

"வேற?"

காய்ச்சல் குழந்தையைச் சொன்னேன். லேபில் வந்தது பிளாஸ்டர் தூசி இல்லை என்பதையும் சொன்னேன்.

அழுதாள். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கூட்டம் முடிஞ்சதும் அந்த நர்ஸம்மாவும் அதே இடத்தைத்தான் சொன்னாங்க" என்றாள்.

ஏப்ரல் 3

சாப்பாட்டில் உப்பே இல்லை. கேட்கப் பயம். தின்றுவிட்டேன்.

மே 19

லேபிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். "ஒரு பக்கம் கேக்குறீங்களா?" என்றாள். பஸ் ஓட்டும் ஒரு பெண்ணின் கதை. சூனியம் எதுவும் இல்லை.

"ரெண்டாவது பத்தி இழுவை."

"நான் இன்னும் முடிக்கவே இல்ல!"

"நீ கேட்ட, சொன்னேன்."

என்னை முறைத்துக்கொண்டே அந்தப் பத்தியின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். "மேல கேளுங்க."

நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.