உன் மாதா, என் மர்யம்

கிழக்குத் தாம்பரம்,
17.10.2008

அன்பு மகள் கைனாத்துக்கு அம்மா எழுதுவது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும். குழந்தைக்குச் சளி விட்டதா? ஏசியை நேராக அவன்மேல் அடிக்க விடாதே என்று எத்தனை தடவை சொல்வது?

வீட்டுக்குள்ளேயே நாலு மாசம் பத்து நாள் துக்கம் காத்த என் இத்தா முடிந்துவிட்டது. உன் அத்தா கண்ணை மூடி மௌத்தான பிறகு நேற்றுத்தான் வாசலைத் தாண்டினேன். மழையில் தெருவெல்லாம் ஒரே சேறு. கேம்ப் ரோட்டுக்குப் போவதற்குள் செருப்பு அறுந்து, கையில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். வெளியே போகாமலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

போனில் பேச வேண்டியதுதானே, எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனை நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு சப்பாத்தி சுடுவாய். உன் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் மாஷா அல்லாஹ் சொல்லிக்கொண்டிருப்பார். இது அப்படிக் கேட்கிற சேதி இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு படி. சாஹில் உன்னிடம் அண்ணனைப் பற்றி ஏதோ பாதியும் முக்காலுமாக உளறியிருக்கிறான் என்று தெரியும். முழுசாக நானே சொல்லிவிடுகிறேன்.

சுனாமி வந்தபோது நீ பிரசவத்துக்கு ஷார்ஜாவில் கிடந்தாய். உன்னிடம் பாதியை மறைத்தோம். முந்தின நாள் கிறிஸ்துமஸ். பக்கத்து வீட்டு ஞானஜோதி டீச்சர் எப்போதும்போல நம் முதாசிருக்கும் அவள் மகன் ஜெரோமுக்கும் ஒரே துணியில் சட்டை தைத்துக் கொடுத்திருந்தாள். நீலத்தில் வெள்ளைக் கட்டம். புருஷன் இல்லாதவள், ஒற்றைப் பிள்ளை, ஆனாலும் துணி எடுத்தால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எடுப்பாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சட்டையோடு இரண்டு பேரும் பைக்கில் கோவளத்துக்குப் போனார்கள். அவ்வளவுதான்.

கிடைத்தது ஒரே ஒரு உடம்பு. முகம் அடையாளம் தெரிகிற நிலைமையில் இல்லை. சட்டை மட்டும் தெரிந்தது. ஞானஜோதியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது உன் அத்தாதான். பார்த்த மாத்திரத்தில், "ஐயோ, என் புள்ள, என் புள்ள" என்று அதன்மேல் விழுந்தாளாம். பெட்டியை மூடி, சாமியாரை வைத்து, ஜெரோமாகவே அடக்கம் செய்தார்கள்.

இங்கே நான் என்ன செய்தேன் தெரியுமா? தொழுகைப் பாயில் உட்கார்ந்துகொண்டு, என் பிள்ளை சாகவில்லை, அல்லாஹ் அவனை எங்கேயோ பத்திரமாக வைத்திருக்கிறான் என்று கத்தினேன். ஈசா நபியை, ஞானஜோதி கும்பிடுகிற இயேசுவை, கொன்றுவிட்டோம் என்று அவர்கள் நினைத்தார்கள்; கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை; அவர்கள் கண்ணுக்கு அப்படித் தோன்ற வைக்கப்பட்டது, அல்லாஹ் அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டான். சின்ன வயதில் ஓதிய அந்தக் குர்ஆன் ஆயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அப்புறம் பள்ளிவாசல் ஹஜ்ரத் நம் வீட்டுக்கு வந்து, "அது நபிக்கு அல்லாஹ் செஞ்ச தனிச் சிறப்பும்மா. நம்ம புள்ளைங்கள அதுல வெச்சுப் பேசக் கூடாது" என்றார். அவருக்குத் தலையாட்டினேன், மனசுக்குள் விடவில்லை. வாசல் கதவைத் தாழ் போட விடாமல் உன் அத்தாவோடு சண்டை போட்டதும், தாம்பரம் ஸ்டேஷனில் எவனோ ஒரு பையன் பின்னால் செங்கல்பட்டு வண்டியில் ஏறிப் போனதும் உனக்குத் தெரிந்ததுதான்.

உன் அத்தா ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோதுதான் என்னையும் சாஹிலையும் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார். அன்றைக்கு ஞானஜோதி மயங்கி வெளியே கிடக்க, உடம்பைப் பெட்டியில் தூக்கி வைக்க இவர் கை கொடுத்திருக்கிறார். போர்த்தியிருந்த துணி விலகியிருக்கிறது. கத்னா செய்த, சுன்னத் ஆன உடம்பு. ஜெரோமுக்கு ஏது கத்னா? அது நம் முதாசிர்.

யா அல்லாஹ், அம்மா எப்படி வாயை மூடிக்கொண்டு இதைக் கேட்டாள் என்று நினைப்பாய். மூடவில்லை. ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். ஏன் சொல்லவில்லை, கபன் துணி சுற்றாமல், குளிப்பாட்டாமல், என் பிள்ளையை எப்படிக் கொடுத்துவிட்டு வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "அங்க ஒருத்திக்கு ஒடம்பு கெடச்சுது. இங்க ஒருத்திக்கு நம்பிக்கை கெடச்சுது. நான் எத யார்கிட்டேர்ந்து புடுங்குறது, ஜஹீரா?" என்றார். சாமியார் ஜெபம் சொன்னபோது கூட்டத்துக்குப் பின்னால் நின்று தனியாக, இறந்தவனுக்குத் தொழ வேண்டிய ஜனாஸா தொழுகையைத் தொழுதுவிட்டாராம். மூன்று பிடி மண்ணும் போட்டிருக்கிறார். பார்த்தவர்கள், பாய் எவ்வளவு நல்ல மனுசன் என்று பேசிக்கொண்டார்களாம்.

இப்போது சாஹில் குதிக்கிறான். நாவலூரிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, "அண்ணன் அங்க சிலுவைக்குக் கீழ கெடக்குறான்மா. நீங்க எப்படிச் சும்மா இருக்கீங்க? ஜமாஅத்துல பேசுவோம், சர்ச்சுல பேசுவோம், தோண்டி எடுத்து நம்ம கபரஸ்தான்ல வைப்போம்" என்கிறான். அவன் சொல்வதில் தப்பில்லை. எனக்கும் வயிறு எரிகிறது. என் பிள்ளைக்கு எவன் பெயரையோ எழுதி வைத்திருக்கிறார்களே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஆனால் ஒன்று கேள். அவள் திண்டுக்கல்லுக்குக் குடிபோவதற்கு முந்தின அந்தக் காலத்தில் மதியச் சமையல் முடிந்து நானும் ஞானஜோதியும் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே வம்புக்கு நிற்போம். அவள், "எங்க மாதாவுக்குப் புருஷன் சூசையப்பராவது தொணைக்கு இருந்தாரு. நீங்க உங்க மர்யத்த ஒத்தையா பேரீச்ச மரத்தடியில பிரசவ வலியெடுக்க விட்டுட்டீங்களேடி" என்பாள். எங்க மர்யத்துக்கு எதுக்குடி ஆளு, தொட்டில் புள்ளையே வாயத் தொறந்து தாய்க்காகப் பேசுச்சே என்பேன் நான். ஒருநாள் பேச்சு சிலுவைக்குப் போனது. உங்கள் மாதா செத்த மகனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், எங்கள் மர்யத்துக்கு அந்தக் கொடுமை இல்லை, அல்லாஹ் மகனை உயிரோடு எடுத்துக்கொண்டான் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். சாகாமல் எப்படி உயிர்த்தெழுவது, எங்களுக்கு எல்லாமே அந்தச் சாவில்தான் இருக்கிறது என்றாள் அவள். அப்புறம், அப்படியானால் சிலுவையில் தொங்கினது யார் என்று கேட்டாள். வேறு யாரோ, அவர் சாயலில் ஒருவன், மதரஸாவில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள் என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப அவனுக்கு அம்மா இல்லையாடி?" என்றாள்.

போடி, டீச்சர் புத்தியைக் காட்டாதே என்று அன்றைக்குச் சிரித்துத் தள்ளிவிட்டேன். இப்போது அந்தக் கேள்விதான் என்னை விடாமல் அடிக்கிறது. என் பிள்ளை இவ்வளவு நாளும் என் கண்ணுக்குத் தெரியாமல் நடமாடிக்கொண்டிருந்தான்; கனவில் மட்டும் வருவான். உன் அத்தா சொன்ன நாளிலிருந்து அவன் வருவதே இல்லை. இப்போது வருவது ஜெரோம். அசர் தொழுதுவிட்டுக் கண் அசந்தால் போதும், நனைந்த சட்டையோடு கேட்டுக்கு வெளியே நிற்கிறான். உள்ளே வாடா என்றால் வரமாட்டான். "ஆன்ட்டி, எங்கம்மா வீட்டக் காலி பண்ணிட்டாங்களா?" என்று மட்டும் கேட்கிறான். அவனுக்கு யாரும் ஜெபம் சொல்லவில்லை, மண் போடவில்லை. அவனைத் தேட ஒருத்தரும் இல்லை, ஏனென்றால் அவன் கிடைத்துவிட்டான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவன் எனக்குச் சொந்தப் பிள்ளைபோல என்று வாய்நிறையச் சொன்னவள் நான். எனக்கு அவனைப் பார்க்கப் பயமாக இருக்கிறது, கைனாத்.

முதாசிரை நான் திரும்ப எடுத்துக்கொண்டால் ஞானஜோதியின் கையில் என்ன மிஞ்சும்? நான் ஸ்டேஷனில் ஓடிய ஓட்டத்தை அவள் ஓட வேண்டும். வழியில் போகிற பையன்களின் முகத்தையெல்லாம் உற்றுப் பார்க்க வேண்டும். அதை அனுபவித்தவள் நான். எதிரிக்கும் கொடுக்கமாட்டேன், அவளுக்கா கொடுப்பேன்? மண் எந்தப் பக்கம் இருந்தாலும் அல்லாஹ்வுடையதுதான். அவன் யார் என்று அல்லாஹ்வுக்குத் தெரியாதா என்ன? அவனுக்காக யாசீன் ஓத எனக்கு வீடு போதும்.

ஆகவே உன் தம்பியிடம் நீ பேசு. நான் சொன்னால் கேட்கமாட்டான், அக்கா சொன்னால் அடங்குவான். உன் அத்தா இறக்கி வைத்த சுமை இது, மூன்று பேரும் சேர்ந்து தூக்கிவிடலாம் என்று சொல். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. துஆவில் உன் அண்ணனோடு ஜெரோமையும் சேர்த்துக்கொள். அல்லாஹ் உன் பிள்ளையை உன் கண்முன்னால் வளர வைக்கட்டும்.

உன் அம்மா,
ஜஹீரா


கிழக்குத் தாம்பரம்,
19.10.2008

அன்புள்ள ஞானஜோதிக்கு ஜஹீரா ஆசையோடு எழுதிக்கொள்வது. நீயும் திண்டுக்கல்லில் உன் தங்கையும் சுகம்தானே? முழங்கால் வலிக்கு அந்த நாட்டு எண்ணெயைத் தேய்க்கிறாயா, இல்லை, பாட்டிலை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

அவர் மௌத்துக்கு நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது பெரிய ஆறுதல். அப்போது உன்னிடம் சரியாகப் பேசவில்லை என்று வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். வேறொன்றுமில்லை, மனசு கனத்துக் கிடந்தது. நீ இருந்த வீட்டில் இப்போது ஒரு கம்பெனிப் பையன்கள் கும்பல் குடியிருக்கிறது. மோட்டார் போட்டால் தண்ணீர் தெருவுக்கு ஓடும்வரை நிறுத்தத் தெரியாது. தினமும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கல்லறைத் திருநாளுக்கு எப்போதும்போல நீ வருவாய். வேறெங்கும் தங்காதே, இங்கேயே வா. கருவாடு கிடையாது, சாம்பார்தான். உனக்கு அது பிடிக்கும்.

ஞானம், உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். முதாசிர் உயிரோடு இருக்கிறான் என்று இத்தனை வருஷமாக உன்னோடு மல்லுக்கு நின்றேன். இல்லை. அவன் போய்விட்டான். ஒத்துக்கொண்டுவிட்டேன். எப்படி, எதனால் என்றெல்லாம் கேட்காதே. உன் மாதாவுக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

ஆனால் போய் நின்று அழ எனக்கென்று ஓர் இடம் இல்லை. நீ பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு போகும்போது நானும் கூட வரட்டுமா? உன் ஜெபத்துக்கு இடைஞ்சலாக இருக்கமாட்டேன். நீ முடித்த பிறகு ஓரமாக நின்று என் வழியில் துஆ கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்தே கேட்கிறேன். உன் மகன் கல்லறைமேல் நான் ஒரே ஒரு தடவை கையை வைத்துக்கொள்ள நீ சம்மதிக்க வேண்டும்.

என்றும் உன்,
ஜஹீரா