கப்பல் வரும் நாளின் சோறு

வைஜெயந்தியின் அப்பாவுக்கு,

நலம். அங்கே அந்த வீட்டில் உங்கள் சின்னவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருப்பான்.

நம் மகளுக்கு ஐஐஎம்மில் எம்பிஏ இடம் கிடைத்துவிட்டது. கப்பல் தாமதமானால் நம் தீவில் முதலில் எது தீர்ந்துபோகும் என்று நேர்காணலில் கேட்டார்களாம். “இதுக்குப் படிக்கவா வேணும்?” என்று சிரித்தாள். அப்பாவுக்குச் சொல்லட்டுமா என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

சென்னைக் கப்பலிலேயே போகலாமே என்றதற்கு, “ஃப்ளைட்ல போறேன்மா. அப்பா வருவாருன்னு நின்ன ஹேடோ துறைமுகத்துல இனிமே நிக்க மாட்டேன்” என்றாள். போன வாரம் கிளம்பிவிட்டாள்.

இன்று ஹேடோவுக்குக் கப்பல் வந்தது. சங்கு கேட்டதும், எப்போதும்போல மூன்று பேருக்கு அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டேன். பிறகுதான், அவளும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா