கால் அளவு அஞ்சு

என் தங்கமே,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம், அவருடைய முதுகு மட்டும் சுகமில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமா? உன் மாமியார் சுகம் என்பதைத்தான் நீ அனுப்பிய போட்டோவிலேயே பார்த்துக்கொண்டேனே. இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் பக்கத்தில் அவர் இருக்கிறார், 'சம்பந்தியம்மா நல்லா இருக்கீங்களா' என்று எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார், நானும் பல்லைக் காட்டிவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன். அவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

அந்தப் போட்டோவை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. கருநீலப் பேன்ட். இடுப்பு மேலே ஏறி அளவாக நிற்கிறது, முன்னால் மடிப்பும் கிடையாது, உப்பிக்கொண்டு நிற்கிற பையும் கிடையாது, கால் நேராக இறங்கிக் கணுக்காலில் முடிகிறது. அறுபது வயதில், என் உயரத்தில் ஒரு மனுஷி, உயரம் என்ன உயரம், உங்கள் கல்யாணத்தில் பக்கத்தில் நின்றபோதே பார்த்துவிட்டேன், என்னைவிட அரை அங்குலம் குறைவுதான், வேலைக்குக் கிளம்பி நிற்கிறார், ஒரு சாண் வளர்ந்த மாதிரி இருக்கிறது. கீழே நீ எழுதியிருக்கிறாய், 'நாலு கடை ஏறி இறங்கி அத்தைக்கு நானே எடுத்தேன்மா, எப்படி இருக்கு?' எப்படி இருக்கிறதா, வயிறு எரிகிறது. நன்றாக இருக்கிறது என்று ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை.

எனக்கும் இந்த நேரத்தில்தானா பேன்ட் தேவைப்பட வேண்டும். ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் சட்டம் வரப்போகிறது என்று முன்பே உன்னிடம் புலம்பினேனே, வந்தேவிட்டது. ஒன்றாம் தேதியிலிருந்து ஏணி ஏறுகிற பெண்கள் புடவையோடு வரக் கூடாதாம், பேன்ட்தானாம். மற்றவர்கள் மேல்தட்டுக்குத்தான் ஏணி போடுகிறார்கள், நான் மூன்றாவது தட்டுக்கே போடுகிறேன், ஆக அந்தச் சுற்றறிக்கை எனக்கென்றே எழுதின மாதிரி. சரி என்று ஐந்து கடை ஏறினேன், உன் மாமியாருக்கு நாலுதானே, எனக்கு ஐந்து, அதுவும் தனியாக. இடுப்பு சரியாக இருந்தால் கால் தரையைக் கூட்டுகிறது, கால் சரியாக இருந்தால் பட்டன் போட முடியவில்லை. ஒன்றில் பேன்ட்டின் முழங்கால் என் கெண்டைக்காலில் கிடந்தது. இன்னொன்றில் இடுப்புப்பட்டி நெஞ்சுவரை வந்துவிட்டது. அங்கே நின்ற பெண் 'ஆன்ட்டி, குழந்தைங்க பிரிவுல பாத்தீங்களா' என்றாள். பார்த்தேனே, அதையும் பார்த்தேன், முழங்காலில் வாத்துப் படம் போட்டிருக்கிறது. போட்டுப் பார்க்கிற அறையின் கண்ணாடி முன்னால் நின்றபோது என் மகள் கூட இருந்திருந்தால் என்று நினைத்தேன், உடனே அவள் யார் கூட இருக்கிறாள் என்றும் நினைத்தேன். அப்பாவிடம் போட்டுக் காட்டிப் பிரயோசனமில்லை. 'அடி கடுகு, உனக்கு நல்லாத்தான் இருக்கு' என்பார், சாக்குப் பையைச் சுற்றிக்கொண்டு நின்றாலும் அதையேதான் சொல்வார்.

கடைசியில் கறுப்பில் இரண்டு எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிற தையல்காரம்மாவிடம் போனேன். அவர் நோட்டைப் பிரித்து 'கால் அளவு என்னம்மா' என்றார். அஞ்சு என்றேன். நிமிர்ந்து பார்த்தார். ஆமாம், அஞ்சுதான், பாதம் மட்டும் கொஞ்சம் அகலம் என்றேன். வாயில் கடித்திருந்த குண்டூசியை எடுத்து வைத்துவிட்டு ஒரே சிரிப்பு. 'அது செருப்புக்கும்மா, நான் கேக்கிறது தொடை இடுக்குல இருந்து கணுக்கால் வரைக்கும்' என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பகீரென்றது. இரண்டு மாதத்துக்கு முன்னால் நீயும் இதையேதானே கேட்டாய், 'அம்மா, உன் கால் அளவு என்ன, சீக்கிரம் சொல்லு, கடையில நிக்கிறேன்' என்று. நான் அஞ்சு என்றேன், விளையாடாதம்மா என்றாய், விளையாட்டு என்ன, அஞ்சேதான், ஆனால் எனக்கு ஒன்றும் வாங்காதே, இங்கே இருக்கிறதே போட ஆளில்லாமல் கிடக்கிறது என்று படக்கென்று வைத்துவிட்டேன். நான் சொன்னது செருப்பை! வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டால், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் 'உனக்குத்தான் எடுக்கப் போனா, நீதான் வேண்டாம்னுட்டியாமே, சரின்னு அத்தைக்கு எடுத்துட்டா, எங்கிட்ட அன்னைக்கே சொன்னாளே' என்கிறார். இரண்டு மாதமாக அந்த மனிதருக்குத் தெரியும்.

வலிய வந்த சீதேவியைக் காலால் உதைத்திருக்கிறேன், அதுவும் ஐந்தாம் அளவுக் காலால். இது தெரிந்ததும் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் உனக்கும் நிம்மதி, எனக்கும் மரியாதை. போகவில்லை. முன்னே அவருடைய பேன்ட்டைப் பார்த்து எரிந்தேன், இப்போது என் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு அவர் நிற்கிறாரே என்று எரிகிறேன். அவர் நல்லவர், உன்னைத் தாங்குகிறார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உனக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்க்க அவர் இருக்கிறார், எனக்கு உன் நெற்றி போனில் பாதிதான் தெரிகிறது. உன்னைத் தொட்டு மூன்று வருஷம் ஆகிறது. காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே, அவர் சொன்னால் சாப்பிடுகிறாயாமே, நான் சொன்னாலும் சாப்பிடு.

ஒரு பேன்ட்டைத் தையல்காரம்மா நான்கு விரல் வெட்டி, முழங்காலையும் இடத்துக்குக் கொண்டுவந்து தைத்துக் கொடுத்துவிட்டார். நேற்று அதைப் போட்டுக்கொண்டு ஏணியில் நின்றேன், கீழே வந்த மேலாளர் 'யாரு புதுசா' என்று கேட்டார். அவ்வளவு எடுப்பாக இருக்கிறது. இரண்டாவதையும் கொடுங்கள், ஒரே அளவுதானே, இப்போதே வெட்டிவிடுகிறேன் என்று தையல்காரம்மா கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. இதற்கு என் மகள் வந்து அளவெடுப்பாள் என்றேன். எப்போது வருகிறாள் என்று கேட்டார். அடுத்த மாதம் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். தினமும் அந்த வழியாகத்தான் நான் வேலைக்குப் போக வேண்டும்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். சம்பந்தியம்மாவும் இருக்கட்டும், அவருக்குத் தொண்ணூற்றொன்பது போதும். டிக்கெட் எடுத்ததும் முதலில் என்னிடம் சொல், அப்பாவிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் ஒரே அம்மா