டாங்க் மூடியில் கட்டிய உறை

அன்புள்ள ஞானப்பூவுக்கு,

காசிமேட்டிலிருந்து இன்னாசி. எழுத்துகள் மேலும் கீழுமாகப் போவதைப் பொறுத்துக்கொள். இதுவரை என் முதலாளி, சைமன் தம்பி, எனக்காகக் கடிதம் எழுதித் தந்தார். இது முழுக்க என் கை. உன் முழங்கால் வலி தேவலையா?

நான் நலம், பயப்படாதே. நான் பழுது பார்த்த எஞ்சினை ஓட்டிப் பார்க்க, திங்கட்கிழமை சைமனோடு படகில் போனேன். துறைமுகக் கற்சுவர் அருகே எஞ்சின் நின்றது. கொஞ்சம் பொறுத்துக் கயிற்றை இழுத்தால் ஓடும், மறுபடி நிற்கும். தீப்பொறி தரும் பிளக்கில் குறையில்லை. அலை எங்களைத் தள்ளியது.

"இன்னா நைனா, கல்லு கிட்ட வந்துகினு கீது," என்றார் சைமன்.

பொறுத்தால் ஓடுகிறதே, அப்படியானால் எண்ணெய் இருந்தும் எஞ்சினுக்கு இறங்கவில்லை என்று தோன்றியது. டாங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது, எஞ்சின் பிடித்துக்கொண்டது. மழைக்காக மூடியில் கட்டிய பாலிதீன் உறை காற்றுத் துளையை அடைத்திருந்தது; காற்று புகாமல் எண்ணெய் இறங்கவில்லை. கட்டியவன் நான்தான்.

கரையில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. உறையைக் கட்டியது நான்தான் என்று இன்று சைமனிடம் சொல்லிவிட்டேன்.

"உறைல நீ போட்ட முடிச்ச பாத்தப்பவே தெரியும் நைனா. நீயா சொல்றியான்னுதான் பாத்துகினு இருந்தேன். நாளிக்கு வேலைக்கு வந்துடு," என்றார்.

உன் கையால் அரைத்த குழம்புப்பொடி கொஞ்சம் அனுப்பு. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அடுத்த வாரமும் எழுதுவேன். நீ பெரிய எழுத்தாக எழுது, நானே படித்துக்கொள்வேன்.

இன்னாசி